இத்தா வீட்டுக்குப் போன பலகை

கேபிளின் ஒரு நுனி ஸிராஜின் கையில் இருந்தது. மறுநுனி உம்மாவின் கையில். நடுவில் ஒரு மதில்.

"இழுங்க உம்மா."

"இழுக்கத்தான் செய்யிறன். நீ அங்கால நிண்டு கயிறிழுக்கிற போட்டியா வெச்சிரிக்காய்? உட்டுத் தாவன்."

அவன் விட்டுக் கொடுத்தான். கேபிள் மதிலுக்கு மேலால் ஊர்ந்து போனது.

ஸிராஜ் இன்டர்நெட் கம்பனி ஒன்றில் டெக்னீஷியன். ஊரூராய்ப் போய் லைன் இழுப்பதுதான் அவன் வேலை. ஆனால் அந்த வியாழக்கிழமை அவன் மதிலைத் தாண்ட முடியாது. பக்கத்து வீட்டு நதீரா இத்தாவில் இருந்தாள். அவளுடைய கணவன் றம்ஸீன் மாரடைப்பில் மவுத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. இத்தாக் காலமான நாலு மாதமும் பத்து நாளும் முடியும் வரை அவள் வெளியே வரமாட்டாள். அந்நிய ஆண் எவனும் அவள் முன்னால் போகவும் கூடாது. ஆகவே டெக்னீஷியன் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றான். கேபிளைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஜெனூபா உம்மா, அறுபத்தொரு வயதில், அந்தப் பக்கம் நின்றார்.

"ஜன்னல் கம்பிக்குள்ளால போடுங்க. மடிச்சிராதீங்க, உள்ளுக்க முறிஞ்சிரும்."

"துணி மடிச்சிச் சோறு திண்ட கை இது. எனக்கு மடிப்புச் சொல்லித் தாறாய்."

"நுனியில கண்ணாடி மாதிரி ஒண்டு இரிக்கிதானே. அதப் பெட்டிக்குப் பின்னால குத்துங்க. டிக் எண்டு சத்தம் வரணும்."

பிறகு ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வந்திட்டு."

"பச்ச லைட் மின்னுதா?"

"மின்னுது. வெக்கங்கெட்டது, கண்ணடிக்கிது."

அதுதான் உம்மாவும் அவனும் சேர்ந்து செய்த கடைசி வேலை. அந்த நேரம் அவனுக்கு அது தெரியாது. லைன் நிற்குமா நிற்காதா என்பதுதான் அவன் யோசனை.

அந்தக் கேபிளால் போக இருந்தது ஒரு வீடியோ கேம். ஒரு பெண் பலகையில் ஏறி ஊர் முழுக்க உருண்டு திரிகிற ஸ்கேட்போர்ட் விளையாட்டு, அதன் புதிய பாகம். அதை நதீராவின் அறைக்குள் கொண்டு போய்ச் சேர்ப்பது என்று உம்மா ஒற்றைக் காலில் நின்றார். அதற்குக் காரணம் இருந்தது.

ஜெனூபா உம்மா நடந்து பிழைத்தவர். தோளில் ஒரு பெரிய துணிப் பை, கையில் ஒரு குடை. ஹபாயாத் துணியும் சால்வையும் சட்டைத் துண்டும் சுமந்து மருதமுனையில் தொடங்கி, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று கேற் கேற்றாய்ப் போய் விற்றார். எந்த வீட்டில் நாய் கட்டியிருக்கும், எந்த வீட்டில் மாமியார் சம்மதித்தால்தான் மருமகள் துணி எடுப்பாள், எந்த வீட்டில் துணி எடுக்காவிட்டாலும் பிளேன்டி தருவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு துணியைத் தான் உடுத்திப் பார்க்காமல் யாருக்கும் விற்றதில்லை. வேர்த்தால் ஒட்டுமா, கழுவினால் சுருங்குமா என்று முதலில் தன் உடம்பிலேயே பார்த்துவிடுவார்.

நாலு வருடத்துக்கு முன் அவருடைய கணவர் காலிதீன் மவுத்தானார். நடந்து திரிந்த மனுஷி இத்தாவில் நாலு சுவருக்குள் ஆனார். முதல் கிழமை குசினிக்கும் முன்மண்டபத்துக்கும் இடையே நடந்தார். இரண்டாவது கிழமை அதுவும் அலுத்தது.

அப்போது ஸிராஜ் கட்டாரிலிருந்து வந்திருந்தான். அவன் கொண்டு வந்த கேம் பெட்டியை உம்மாவின் டிவியில் பொருத்திக் கொடுத்தான். மூன்று டிஸ்க் இருந்தது. முதலாவது துப்பாக்கிச் சண்டை. "இந்த நாட்டில சுட்டது காணாதா?" என்று உம்மா அதைத் திருப்பி வைத்தார். இரண்டாவது உதைபந்து. "இத்தாவில இரிக்கிறவள் காற்சட்டையோட ஓடுற இருவத்திரெண்டு ஆம்புளயளப் பாக்கிறதா?" என்று அதையும் தள்ளினார். மிஞ்சியது பலகை. அதில் ஒரு பெண்ணை நாமே செய்து கொள்ளலாம். உம்மா ஒருத்தியைச் செய்தார். கை மூடிய சட்டையும் தொளதொள காற்சட்டையும் போட்டார். தலைக்கு முக்காடு அங்கே இருக்கவில்லை. தொப்பி வைத்த சட்டை ஒன்றைத் தேடி எடுத்து, தொப்பியை இழுத்து மூடிவிட்டார். அப்புறம் ஊரைச் சுற்றக் கிளம்பினார்.

கையில் பிடிக்கிற கொன்ட்ரோலருக்கு அவர் வைத்த பெயர் நண்டு. "நண்டத் தா." "நண்டுக்குச் சார்ஜ் இல்ல." வீட்டில் எல்லோருக்கும் அதுவே பெயராயிற்று.

அஸர் தொழுகைக்குப் பிறகு நதீரா பக்கத்து வீட்டிலிருந்து வந்து பின்னால் உட்காருவாள். அப்போது அவள் புதுப்பெண். அந்தப் பலகைக்காரி படிக்கட்டில் உருண்டு, கம்பியில் மோதி, நாலு முறை குத்துக்கரணம் அடித்து விழும்போதெல்லாம் நதீரா சிரிக்கிற சிரிப்பு மதில் தாண்டிக் கேட்கும். "சிரிச்சிச் சிரிச்சி என்ன விழுத்துறாள்" என்று உம்மா குற்றம் சொல்வார். அவளைச் சிரிக்க வைக்கவே வேண்டுமென்று விழுகிறார் என்பது ஸிராஜுக்குத் தெரியும். மோதுவதற்கு முன் உம்மா நண்டிலிருந்து ஒரு விரலை எடுத்துவிடுவார்.

பிறகு அந்தப் பெட்டியைக் கடற்காற்று தின்றது. ஸிராஜ் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பச்சையாய்ப் பூத்திருந்தது. உம்மாவும் மறுபடி பையைத் தூக்கிக் கொண்டு ஊருக்குள் நடக்கத் தொடங்கியிருந்தார். பலகை மறந்து போயிற்று.

இப்போது நதீராவின் முறை. அவளுக்குத் தாய் இல்லை, பிள்ளை இல்லை, கூடப் பிறந்த ராத்தா ஒருத்தி சவூதியில். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் அப்படியே இருந்தாள். உம்மா சோற்றுக் கோப்பையோடு போவார். சோற்றுக் கோப்பையோடு திரும்பி வருவார்.

"அவள் ஒரு வார்த்த கதைச்சாப் போதும் ஸிராஜ். ஏசினாலும் காரியமில்ல."

"அந்தப் பலகை கேம்ல புதுசு ஒண்டு வந்திரிக்கி உம்மா" என்றான் அவன்.

உம்மா கோப்பையை வைத்தார்.

அவனோடு வேலை செய்த ஒருவர் வெளிநாடு போகும்போது விற்ற பெட்டி கிடைத்தது. நதீராவிடம் கொடுப்பதற்கு முன் உம்மா ஒரு நிபந்தனை போட்டார். "முதல்ல நான் உடுத்திப் பாக்கணும்."

புதிய பலகையைப் பற்றிய உம்மாவின் முதல் அபிப்பிராயம், ஏறி ஒரு நிமிடம் ஆவதற்குள் வந்தது.

"இது எந்த ஊரு?"

"கற்பனையாச் செஞ்ச ஊரு."

"மனிசர் இருந்து தின்னுற ஊரு மாதிரித் தெரியல்ல. எல்லாம் கழுவித் தொடச்சி வெச்சிரிக்கி. ஒரு நாய் இல்ல."

பழைய பாகத்தில் துருப்பிடித்த கம்பிகள், வெடித்த சீமெந்துப் படிகள் இருந்தன. ஒரு காவல்காரனும் இருந்தான். பலகையோடு கண்டால் துரத்துவான். உம்மா அவனுக்கு வாச்சர் என்று பெயர் வைத்து அவனோடு சண்டை பிடித்தே பொழுதைப் போக்கியவர். புதிய ஊரில் அரை மணி நேரம் தேடினார்.

"வாச்சர் எங்க?"

"இதில இல்ல போல."

"தொரத்த ஆள் இல்லாட்டி என்னத்துக்கு ஓடுற?"

ஆனால் நண்டு அவருக்கு மறக்கவில்லை. வலது குமிழைக் கீழே இழுத்து மேலே சுண்டினால் பலகை எழும்பும்; அது மாறாமல் இருந்தது. பெருவிரல் தானாகவே அதைச் செய்தது. முகம் மலர்ந்தது. பலகை முன்னையதை விட வழுக்கியது. தொட்டால் போதும், ஓடியது. வேண்டுமென்றே ஒரு மாடிக் கூரைக்கு ஏறி அங்கிருந்து குதித்தார். பலகைக்காரி பந்து போல் துள்ளி, புரண்டு, எழும்பி நின்றாள்.

"பழையதில எலும்பு முறியிற சத்தம் கேக்கும். இதில ஒண்டுமில்ல. எனக்கு இது சப்பு. நதீராவுக்கு இதுதான் நல்லம்."

பெரிய மகிழ்ச்சி பின்னேரம் வந்தது. ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி, பலகைக்காரி பலகையிலிருந்து இறங்கி நடந்தாள். உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எறங்கி நடக்கலாமா?" அதன் பிறகு அவர் பலகையில் ஏறவே இல்லை. அதைக் கக்கத்தில் வைத்துக் கொண்டு, ஒவ்வொரு வாசலாய்ப் போய் நின்று பார்த்தார்.

"ஒரு வீட்டுக் கதவும் தெறக்குதில்ல மகன். இந்த ஊர்ல யாவாரம் செய்ய ஏலா."

உடுப்புக் கடை ஒன்று அங்கே இருந்தது. அதையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தொட்டுப் பாக்காம என்னத்த வாங்குற? நூல் எது, பொலியஸ்டர் எது எண்டு தெரியா." தொப்பி வைத்த சட்டை இலவசமாகவே கிடைத்ததில் சமாதானமானார்.

ஸிராஜின் கண்ணுக்கு வேறு குறைகள் பட்டன. நாளுக்கொரு அப்டேட் இறங்கியது. லைன் ஒரு நொடி அறுந்தாலும் விளையாட்டு ஆளைத் தூக்கி வெளியே போட்டது. தூரத்துக் கட்டடங்கள் கிட்டப் போன பிறகுதான் முழுதாய் முளைத்தன. இது டிஸ்க் போட்டால் ஓடுகிற காலத்துப் பெட்டி அல்ல. எங்கோ இருக்கிற ஒரு சேர்வரோடு ஓயாமல் கதைத்துக் கொண்டே இருக்கிற சாமான்.

அந்தக் கடைசி விஷயத்தை அவன் உம்மாவுக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் அஸருக்குப் பள்ளியில் பாங்கு கேட்டது. உம்மா வழக்கம் போல் நண்டை மடியில் வைத்துவிட்டுப் பாங்குக்குப் பதில் சொல்லிக் கொண்டிருந்தார். டிவியில் பலகைக்காரி நின்ற இடத்தில் நின்றாள். பக்கத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தன் உருண்டு வந்து நின்றான். பாங்கு முடிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது ஒரு ஆண் குரல்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றார் உம்மா. சொன்ன பிறகுதான் திடுக்கிட்டு, தோளில் கிடந்த சால்வையை இழுத்துத் தலையை மூடிக் கொண்டு வாசலைப் பார்த்தார். வாசலில் யாருமில்லை. அந்தக் குரல் விளங்காத ஒரு பாஷையில் இன்னும் என்னவோ சந்தோஷமாய்ச் சொன்னது. உம்மா டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

"ஸிராஜ், இஞ்ச ஓடி வா. பெட்டிக்குள்ள ஒரு ஆம்புள சலாம் சொல்றான்."

ஸிராஜ் குசினியிலிருந்து வந்து பார்த்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஊரில் திரிகிற அத்தனை பேரும் எங்கெங்கோ வீடுகளில் இருந்து விளையாடுகிற மெய்யான மனிதர்கள் என்று அப்போதுதான் சொன்னான். நண்டுக்குள்ளேயே மைக் இருக்கிறது என்பதையும் சொன்னான்.

"பள்ளிப் பாங்கு அவருக்குக் கேட்டிரிக்கி. அதான் சலாம் சொல்லியிரிக்கார்."

உம்மா யோசித்தார். "அப்ப நேத்திருந்து நான் கதைச்சதெல்லாம்?"

"பக்கத்தில நிண்ட எல்லாருக்கும் கேட்டிரிக்கும்."

"சிவத்த முடியோட ஒருத்தி வந்தாள். தலைய மூடு புள்ள எண்டன். மறுகா ஒருத்தன் குறுக்கால வந்தான். எரும எண்டிட்டன்." வாயைப் பொத்திக் கொண்டார். பிறகு பொத்திய கைக்குள்ளேயே குலுங்கிச் சிரித்தார். "நல்ல காலம், அவனுக்கு வெளங்கியிரிக்காது."

சிரிப்பு அன்றோடு சரி. நடந்ததை நதீராவிடமும் போய்ச் சொன்னார், அவளும் சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை. "ஆம்புளக் குரல் வாற பெட்டி எனக்கு வேணா மாமி" என்று சுவரைப் பார்த்தே சொன்னாள்.

உம்மா வீட்டுக்கு வந்து ஸிராஜின் முன்னால் நின்றார். "ஒரு வசனம் முழுசாக் கதைச்சிட்டாள். அது நல்லம். இப்ப நீ அந்தக் குரல நிப்பாட்டு."

ஸிராஜ் விளையாட்டுக்குள் குரலை நிறுத்தினான். பெட்டியின் செட்டிங்கில் நிறுத்தினான். நண்டின் மைக்கை அணைத்தான். எழுத்தில் வரும் செய்திகளையும் தடுத்தான். உம்மாவுக்கு அது போதவில்லை. உடுத்திப் பார்க்க வேண்டும். ஆகவே அவனோடு வேலை செய்யும் நிரோசனுக்குக் கோல் எடுத்தான். நிரோசன் தன் கல்முனை வீட்டிலிருந்து அந்த ஊருக்குள் வந்து, உம்மாவின் பலகைக்காரிக்குப் பக்கத்தில் நின்றான்.

"கத்து மச்சான்."

உம்மா டிவியோடு காதை வைத்தார். "கத்துறானா?"

"தொண்ட கிழியக் கத்துறன் அன்ரி" என்றான் நிரோசன் போனில். "எங்கட அம்மா வந்து என்னடா புடிச்சது உனக்கு எண்டு கேக்கிறா."

"பெட்டியில ஒண்டுமில்ல. இன்னும் கத்தச் சொல்லு."

நிரோசன் பாட்டுப் பாடினான். ஊளையிட்டான். திரையில் அவனுடைய ஆள் கொட்டாவி விட்டபடி சும்மா நின்றான். உம்மா காதை எடுத்தார். தீர்ப்பும் சொன்னார். "குரல்தான் மனிசன். இது பொம்ம. பொம்மைக்கு இத்தா இல்ல."

நதீரா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உம்மாவுக்கு அது காணும். மிஞ்சியது லைன். ஸிராஜ் வீட்டு வைபை சிக்னல் இரண்டு சுவரைத் தாண்டி அவளுடைய அறைக்குள் போகும்போது செத்துவிடும். நடுவில் அறுந்தால் விளையாட்டு வெளியே தள்ளும். தள்ளினால் நதீரா நண்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். இன்னொரு முறை அவளைத் திருப்ப முடியாது என்றார் உம்மா. ஆகவே கேபிள்.

பச்சை விளக்கு மின்னிய பிறகும் ஸிராஜ் மதிலடியிலேயே நின்றான். மிஞ்சிய கேபிளைச் சுற்றுவது போல் சுற்றிக் கொண்டிருந்தான். ஜன்னலுக்குள்ளிருந்து பலகை உருள்கிற சத்தம் வந்தது. பிறகு தடால். சிரிப்பு வரவில்லை. மறுபடி உருண்டது. மறுபடி தடால். உம்மாதான் ஓட்டுகிறார், விரலை எடுத்து விழுகிறார். தடால். சுற்றிய கேபிளை அவிழ்த்து முதலிலிருந்து சுற்றினான்.

"மாமி." நதீராவின் குரல். கரகரத்திருந்தது. "நீங்க வேணுமெண்டு விழுறீங்க."

"எனக்கென்ன விசரா? பலக சரியில்ல."

"பலக சரி. அப்பயும் இப்பிடித்தான் விழுந்தீங்க. தாங்க நண்ட."

பிறகு பலகை உருண்டது. நீளமாய், விழாமல் உருண்டது. உம்மா, "அந்தா, அங்கால படிக்கட்டு, படிக்கட்டு" என்றார். பிறகு பெரிய தடால் ஒன்று. அதற்குப் பின்னால், மதிலைத் தாண்டி, அந்தச் சிரிப்பு. முன்னைய சிரிப்பில் பாதிதான் இருக்கும். ஸிராஜ் கேபிள் சுருளைத் தூக்கிக் கொண்டு வீட்டுக்குள் போனான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவன் பொத்துவில் போகிற வழியில் இருக்கிற திருக்கோவில் ஊருக்கு வேலைக்குப் போனான். அங்கே ஒரு டவரில் சில நாள் வேலை. உம்மா ஒவ்வொரு பின்னேரமும் போனில் அறிக்கை கொடுத்தார். நதீரா அரைக் கோப்பை சோறு தின்றாள். நதீரா உம்மாவை விட நன்றாக ஓட்டுகிறாள். நதீரா தலை சீவினாள். தன் பலகைக்காரிக்கு ஊதா நிறத்தில் உடுப்புப் போட்டிருக்கிறாள்; உம்மாவுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை, ஆனாலும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை வேறொரு சேதி. "நதீரா ஒரு கேள்வி கேட்டாள். இப்பிடி ஒரு சாமான் மெய்யாவே இரிக்கா மாமி, ஆக்கள் மெய்யா ஏறி ஓடுறதா எண்டு. எனக்குச் சொல்லத் தெரியல்ல. நானும் கண்டதில்லையே. நீ கண்டிரிக்காயா?"

"பொத்துவில்ல கண்டிரிக்கன். கடல் அலையில ஏற வாற வெள்ளக்காரர் சில நேரம் பின்னேரத்தில ரோட்டுல உருட்டுவாங்க."

"பொம்புளயளும்?"

"ஓம், பொம்புளயளும்."

மறுமுனையில் உம்மா கணக்குப் போடுவது கேட்டது. "இத்தா முடிஞ்ச கையோட அவளக் கூட்டிக்கிட்டுப் போப்போறன். நாலு சுவருக்குள்ள இருந்தவளுக்கு முதல்ல அதக் காட்டணும். சொன்னன். நாள் எண்ணத் தொடங்கிட்டாள் புள்ள."

"அப்ப போங்க."

"அவளக் கொண்டு போகக்குள்ள அங்க ஒண்டுமில்லாட்டி? முதல்ல நான் போய்ப் பாத்திட்டு வாறன். புதன்கிழமை காலம்பற பஸ்ஸில."

"நான் இஞ்ச கிட்டத்தானே இரிக்கன். நான் பாத்திட்டுச் சொல்றனே."

"நீ ஆம்புள. நீ சில்லு எத்தின, அச்சு எப்பிடி எண்டு பாப்பாய். அவள் ஏறினா விழுவாளா, எந்த உடுப்பு உடுத்தணும், சுத்தி நிக்கிறவனுகள் எப்பிடி, அதெல்லாம் நான்தான் பாக்கணும்."

செவ்வாய்க்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. ஸிராஜின் மனைவி முஸ்பிறா பிளேன்டியோடு போய்க் கூப்பிட்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஸிராஜ் வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். அஸருக்குப் பிறகு அடக்கினார்கள்.

நதீராவால் மதில் தாண்டி வர முடியவில்லை. மவுத்து வீட்டில் அடுப்பு எரியாது. அயலவர்தான் சமைத்து அனுப்புவார்கள். அன்று இரவுச் சோறு எந்த வீட்டிலிருந்து வரும் என்று முஸ்பிறா யோசித்துக் கொண்டிருக்கும்போது மதிலுக்கு மேல் ஒரு பெரிய சட்டி ஏறி நின்றது. நதீரா சமைத்திருந்தாள். இரண்டு மாதமாய் அடுப்படிக்கே போகாதவள், வந்திருந்த அத்தனை பேருக்கும் காணுகிற அளவுக்குச் சமைத்திருந்தாள். கறியில் உப்பு அதிகம். ஸிராஜ் இரண்டாவது முறையும் போட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் புதன்கிழமை. சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன முஸ்பிறா கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்.

"நதீரா கேக்காள்" என்றாள். "மாமி இண்டைக்குத்தானே பொத்துவில் போறன் எண்டு சொன்னா. இனி ஆரு போய்ப் பாக்கிற எண்டு."

ஸிராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். உம்மா ஏற இருந்த காலைப் பஸ் கல்முனையைத் தாண்டிப் போயிருக்கும். பொத்துவில் ரோட்டில் பலகை உருள்கிறதா, பெண்கள் என்ன உடுத்திக் கொண்டு ஏறுகிறார்கள், நதீரா ஒரு காலை வைத்துப் பார்க்க விடுவார்களா என்பதை இன்னும் யாரும் போய்ப் பார்த்து வந்து அவளுக்குச் சொல்லவில்லை.